அடியில் வந்த துடிப்பு

"அதே சத்தம்தான் வேணும். மூணு நிமிஷத்துக்கு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பு. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

டைரக்டர் போனை வைத்துவிட்டார். கொய்ங்குக்கு வியர்த்தது.

தெருவில் அவனுக்கு 'கொய்ங்' என்றுதான் பெயர். சுவரை அடைத்து நிற்கிற மாடுலர் சிந்தசைசர் என்கிற மின்னிசைப் பெட்டியில் நாற்பது ஒயரைச் சொருகி, குமிழைத் திருகித் திருகி, மூன்று வருடமாகச் சத்தம் உண்டாக்குகிறான். அதைப் படத்துக்குக் கேட்ட முதல் ஆள் இந்த டைரக்டர். நேற்று ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்து, அரை நிமிஷம் பதிவு பண்ணி அனுப்பியிருந்தான். அதில் அடியில் 'தும்... தும்...' என்று ஒரு துடிப்பு வருகிறதாம். படத்துக்கே அதுதான் உயிராம்.

இன்று அந்த உயிரைக் காணோம். ஒரு ஒயர்கூட அசையவில்லை, குமிழ் எல்லாம் வைத்தது வைத்தபடி.

"நீ துடைச்சியா?" என்று மனைவியைக் கேட்டான்.

"அதத் தொட்டா என்ன வீட்ட விட்டே தொரத்துவீங்க. நான் எதுக்குத் தொடறேன்?"

சந்தேகப்பட்ட ஒயர் ஒன்றை மாற்றினான். விசில் வந்தது. விசிலை அடக்க இன்னும் இரண்டைப் பிடுங்கினான். பெட்டி கொட்டாவி விட்டது. இந்தப் பெட்டி எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. பிடுங்கினால் போச்சு.

"ஒயர் இருந்தத நேத்து போட்டோ எடுத்தோமே?" என்றாள்.

"நீ எடுத்தது. பாதிக்கு உன் கட்டைவிரல்தான் தெரியுது."

"மீதிப் பாதியப் பாருங்க."

பார்த்தான். நாலு மணிக்கு நாற்பது ஒயரும் அவன் மடியில் கிடந்தன.

"ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணட்டா? வேற சத்தம் எதுவும் இல்ல. உங்க ரெக்கார்டிங்குக்காக மேல் வீட்டம்மாகிட்ட ஒரு மாசமா சண்டை போட்டிருக்கேன்."

"சண்டையா? எனக்குக் கேக்கவே இல்லையே."

"நாள் பூரா காதுல அந்த மூடிய மாட்டிக்கிட்டா என்ன கேக்கும்?"

ஹெட்போனைக் கழற்றி வைத்தான். ஐந்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. 'வரல சார்' என்று டைரக்டருக்கு அனுப்பினான். 'சரி' என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

காலிங் பெல் அடித்தது. வாசலில் ஸ்பானர் பையோடு ஒரு மெக்கானிக்.

"மேல் வீட்டம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க சார். நேத்து வரைக்கும் தும் தும்னு குதிச்சிட்டிருந்த வாஷிங் மெஷினக் காலைலயே சரி பண்ணிட்டேன். இப்ப உங்களுக்குத் திருப்திதானே?"