தும்மல் மாத்திரை போட்டால் ஏன் தூக்கம் வருகிறது

அன்பிற்குரிய மாணவிக்கு,

மருந்துக்கடையிலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கு நானும் கடையும் சௌக்கியம். அங்கு நீயும் உன் சோதனைக் குழாய்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

பதினோரு நாளாக நான் ஏன் போன் செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். காரணம் உன் புத்தகம்தான். நீ விட்டுப்போன அந்தத் தலையணைப் புத்தகத்தை, கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் படிக்கிறேன். செல்களின் மேல் ரிசெப்டர் என்று இருக்கைகள் உண்டு, மருந்து போய் அதில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும் என்பதுவரை புரிந்தது. ஒரே மருந்து ஓயாமல் வந்து உட்கார்ந்தால் செல் சலித்துப்போய் இருக்கையையே உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். நான் உனக்கு நாளைக்கு நாலு தடவை போன் செய்கிறவன். போன் செய்த கடைசி வாரமெல்லாம் நீ, "ம்... சொல்லுங்க... ம்" என்பதைத் தாண்டவில்லை. சரி, நீயும் இருக்கையை இழுத்துக்கொண்டுவிட்டாய் என்று முடிவுகட்டி நிறுத்திவிட்டேன்.

முந்தாநாள் தையல்காரர் வந்து, "தும்மலுக்குத்தானே மாத்திரை குடுத்தீங்க, நான் ஏன் மிஷின் மேலயே தூங்கி விழறேன்?" என்றார். இதே கேள்வியை நீ கேட்டபோது, "அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு" என்றவன் நான். அந்தப் பதிலில் வெறுத்துத்தானே நாற்பது வயதில் படிக்கப் போனாய். இம்முறை விடக்கூடாதென்று செயல்முறை விளக்கமே கொடுத்தேன். கடை ஸ்டூல்தான் ரிசெப்டர், தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமின் தையல்காரர், மாத்திரை நான். "நான் உக்காந்துட்டா உங்களுக்கு இடமில்ல, தும்மல் வராது. இதே ஸ்டூல் மூளையிலயும் இருக்கு, அங்க ஹிஸ்டமின் உக்காந்தாத்தான் நீங்க முழிச்சிருப்பீங்க. மாத்திரைக்கு விலாசமா தெரியும், அங்கயும் போய் உக்காந்துக்கும்" என்றேன். அவர் வேடத்தில் ஒன்றிப்போய் என்னைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தார், ஸ்டூல் கால் முறிந்தது, இருவரும் இருமல் மருந்து அலமாரி மேல் சாய்ந்தோம், சத்தம் கேட்டு ஓடிவந்த உன் தம்பி, "மாமா, அக்காவை உடனே வரச் சொல்லிடுங்க" என்றான்.

அதற்குத்தான் வருகிறேன். பேராசிரியை இன்னும் இரண்டு வருஷம் ஆராய்ச்சிக்கு இருக்கச் சொல்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். இரு. தாராளமாக இரு. எனக்கு ஒரு குறையும் இல்லை. சமைத்துக்கொள்கிறேன். முதுகுக்குக் களிம்பை, கை எட்டியவரை, நானே தடவிக்கொள்கிறேன். கடையில் உன் நாற்காலியில் மட்டும் யாரையும் உட்கார விடுவதில்லை, அது வேறு விஷயம்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, எடுத்த காரியம் முடித்து, நீ பல்லாண்டு வாழ வாழ்த்தும்,
உன் வீட்டுக்காரன்.

பி.கு.: உறையில் போடுமுன் அடுத்த பக்கத்தையும் படித்துத் தொலைத்தேன். வரவேண்டியது நெடுநாள் வராமலே இருந்தால், செல் காத்துக் காத்து இன்னும் நிறைய இருக்கைகளைப் போட்டுவைக்குமாம். பிறகு ஒரு துளி வந்தாலும் தாங்காதாம். எனக்கு அந்தக் கதிதான். இன்று காலை பழைய மருந்து உறை ஒன்றில் உன் கையெழுத்தில் "இரவு ஒன்று, சாப்பிட்ட பின்" என்றிருந்தது. கடைக்கு வந்தவரை நிற்கவைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன். ஆராய்ச்சியை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தபால் போய்ச் சேர நாலு நாள் ஆகும், ரயிலுக்கு ஒரு நாள்தான். அதனால் இதை நானே கொண்டுவருகிறேன். எதிரில் நான் நிற்கும்போது மட்டும் படிக்காதே, எனக்கு வெட்கமாக இருக்கும்.