ராதனாவுக்கு என்ன குறை?

"அழாதீங்க. நாங்க இருக்கோம்" என்றது தொலைபேசி.

ராதனா அழவில்லை. சற்று முன்புதான் டிராம் ஓட்டுநர் வாவ்ரினெத்ஸின் கீழ்ப்பல்லிலிருந்து பட்டாணி அளவு காரையைப் பெயர்த்து எடுத்திருந்தாள். அந்த ஆனந்தத்தில் முகமே மலர்ந்திருந்தது.

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"தைரியமா பேசறீங்க. சந்தோஷம்" என்று வார்சாவின் தலைமை அலுவலகம் நெகிழ்ந்து போனது. "இனிமே உங்களுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு பேர் போதும்."

செக் நாட்டு ஓலோமோட்ஸ் நகரின் அந்தப் பல் மருத்துவமனையில் பதினாலு வருஷமாக ஊரார் பல்லைச் சுத்தம் செய்கிறவள் ராதனா. ரத்தம் கசியும் ஈறு ஆறே மாதத்தில் இறுகிச் சிவப்பு தணிவதைப் பார்ப்பதைவிடப் பெரிய சுகம் உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி. போன வருஷம் மருத்துவமனையை எல்லைக்கு அப்பால் போலந்திலிருக்கும் ஒரு வார்சா கம்பெனி வாங்கியது. போன வாரம் ஒரு படிவம் அனுப்பியது. உங்கள் வேலை பிடித்திருக்கிறதா, முன்னேற வழி இருக்கிறதா என்று பத்துக் கேள்விகள். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். எது உசத்தி, எது மட்டம் என்று அதில் எழுதவில்லை. பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்ததை எழுதுவானேன்?

மகள் ஜோலானா எந்த மதிப்பெண் வாங்கி வந்தால் வீட்டில் பிளம் கொழுக்கட்டை வேகுமோ, அதையே ராதனா பத்துக் கேள்விக்கும் போட்டாள்.

பக்கத்து அறை ஓல்த்ரிக் வேறு ரகம். அடுத்தவர் வாயைத் திறந்தாலே அவனுக்கு வயிற்றைப் புரட்டும். வேலையை விட்டுத் தேனீ வளர்க்க வேண்டும் என்பது அவன் கனவு. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, இருப்பதிலேயே படுமட்டமான மதிப்பெண்ணைப் பத்துக்கும் போட்டுத் தள்ளினான்.

ராதனாவின் மீதி ஐந்து பேரும் இப்போது ஓல்த்ரிக் தலையில் விழுந்தார்கள். கூடவே அவன் படம் வரவேற்பறைச் சுவரில் ஏறியது: 'நம் மகிழ்ச்சியான ஊழியர்'.

"அவன் மூஞ்சியைப் பாருடி, தேள் கொட்டின மாதிரி இருக்கு" என்றாள் வரவேற்பறை ஹெட்விகா. "உனக்குத்தான் ஏதோ ஆச்சுன்னு நினைக்கிறாங்க. விளக்கமா எழுதிப் போடேன்."

ராதனா புதிய படிவம் கேட்டு வாங்கினாள். அதே மதிப்பெண்களை இன்னும் பெரிதாகப் போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு கோடு இழுத்து அனுப்பினாள்.

மூன்றாம் நாள் வார்சாவிலிருந்து ஒரு மனநல ஆலோசகர் ரயிலேறி வந்துவிட்டார்.

"மனசைத் திறந்து பேசுங்க. வேலையைப் பத்தி எப்பலேர்ந்து இப்படித் தோணுது?"

"முதல் நாள்லேர்ந்தே!" என்றாள் ராதனா உற்சாகமாக.

"பதினாலு வருஷமாவா?"

"ஒரு நாள்கூட மாறினதில்லை. ராத்திரி கனவுலகூட இந்த நாற்காலிதான் வரும்."

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்று மாலையே உத்தரவு வந்தது. ராதனா பிராந்தியப் பயிற்சி ஒருங்கிணைப்பாளராகப் பதவி உயர்கிறாள். தனி அறை, மேசை, கணினி. வாய் கிடையாது, பல் கிடையாது. அவள் வேலை செய்யும் இரண்டாம் அறை நாற்காலியை வெள்ளிக்கிழமை லாரி வந்து எடுத்துப் போகும்.

ராதனாவுக்கு உயிரே போய்விட்டது.

"வாவ்ரினெத்ஸுக்கு மேல்வரிசை இன்னும் பாக்கி இருக்குடி!" என்று ஹெட்விகாவின் தோளில் சாய்ந்து நிஜமாகவே அழுதாள். "எனக்குப் பதவி வேணாம். என் நாற்காலி போதும்."

"கெஞ்சிப் பாத்தியா?"

"போன் பண்ணி, இந்த வேலை எனக்கு உசிருன்னேன். 'பழகின துன்பத்தை விட மனசு வராதுதான், மெதுவா மாறுங்க'ன்னு சொல்லி வெச்சுட்டாங்க."

வெள்ளிக்கிழமை லாரி வந்தே விட்டது. கூடவே ஸ்பிஷெக் என்ற ஆஜானுபாகுவான வார்சாக்காரர். படிவம், பதவி எதுவும் அவருக்குத் தெரியாது; சாமான் தூக்குவது மட்டும்தான் அவர் வேலை. அவர் நாற்காலியின் திருகுகளைக் கழற்ற, ராதனா மூக்கை உறிஞ்சியபடி தன் சாமான்களைப் பெட்டியில் போட்டாள். கடைசியாக, அலமாரிக் கதவில் பெருமையோடு ஒட்டி வைத்திருந்த ஜோலானாவின் மதிப்பெண் அட்டையைப் பிரித்தெடுத்தாள்.

ஸ்பிஷெக் அதை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பவும் பரிதாபமாகச் சொன்னார்:

"அழாதீங்கம்மா, உங்க கஷ்டம் புரியுது. கணக்குல ஒண்ணு, பூகோளத்துல ஒண்ணு, பாட்டுலகூட ஒண்ணு... எங்க ஊர்லயும் என் பையன் இப்படித்தான், எல்லாத்துலயும் ஒண்ணு வாங்கி ஃபெயிலாகி, அதே வகுப்புல உக்காந்திருக்கான்!"