இரண்டு பக்கமும் அசையவில்லை

அவசர சிகிச்சை அறையில் அப்போது இருந்தவர்கள்: கட்டிலில் ஆறு வயதுக் குட்டி, அவளுக்கு ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அப்பாவின் அண்ணன், ஸ்கேன் கருவியுடன் டாக்டரம்மா, ஒரு நர்ஸ். உள்ளே இருந்து பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்ற உறவினர் எல்லாரும் வராந்தாவில்தான் நின்றார்கள்.

"எப்படி அடிபட்டது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தான். அண்ணன் முன்னால் அவன் திறந்த வாய் தானாக மூடிக்கொள்வது வழக்கம். தவிர, அவனுக்கு ஒன்றும் தெரியாது. அலுவலகத்திலிருந்து நேரே ஓடி வந்தவன்.

"பூங்கா ஊஞ்சல்ல விளையாடுறப்போ. நெஞ்சுல அடி," என்றார் அண்ணன், முதுகு வளையாமல். பிறகு குட்டியிடம் குனிந்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு ஆஸ்பத்திரியில வாயே திறக்கக் கூடாது. என்ன?"

குட்டி தலையாட்டிவிட்டு, கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா அவள் நெஞ்சில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார். "கட்டில்லயே பார்த்துடலாம். நுரையீரல் நல்லா இருந்தா, மூச்சு விடுறப்போ இந்த வெள்ளைக் கோடு வழுக்கிட்டுப் போகும்."

கோடு வழுக்கவில்லை.

"வழுக்கலைன்னா?" என்றான் அப்பா.

"நுரையீரலைச் சுத்திக் காத்து கசிஞ்சிருக்கலாம். அதிகமா இருந்தா நெஞ்சுல குழாய் போட்டு எடுக்கணும்."

"குழாயா! தங்கம், ரொம்ப வலிக்குதாடா?"

குட்டி பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா கனைத்தார். கன்னம் இன்னும் உப்பியது.

மறுபக்கம் வைத்தார்கள். அங்கும் அசைவில்லை.

"ரெண்டு பக்கமுமா?" டாக்டரம்மாவே குழம்பிப் போனார். "அப்படின்னா இவ இப்படிச் சம்மணம் போட்டு உக்காந்திருக்க முடியாதே!"

"மெஷின் கோளாறோ என்னவோ," என்றாள் நர்ஸ். "வேற யார்கிட்டயாவது வெச்சுப் பாருங்க டாக்டர்."

அப்பா சட்டையைக் கழற்றப் பார்த்தான். அவசரத்தில் பொத்தான் அறுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. "அண்ணே, நீங்க காட்டுங்க. நீங்கதான் அசையாம நிப்பீங்க."

"எனக்கெதுக்குடா?" அண்ணன் ஓரடி பின்வாங்கினார். வாழ்நாளில் அவர் பின்வாங்கி அப்பா பார்த்ததில்லை.

"பயமா சார்?" என்றாள் நர்ஸ்.

"பயமா? எனக்கா?"

சட்டை திறந்தது. கருவி விலாவில் பட்டது.

"ஐயோ, அம்மா!"

அலறல் வராந்தா வரை கேட்டது. குட்டிக்குச் சிரிப்பு பீறிட்டது; உப்பிய கன்னம் புஸ்ஸென்று உடைந்தது. டாக்டரம்மா சட்டென்று கருவியை அவள் நெஞ்சுக்கு மாற்றினார். வெள்ளைக் கோடு எறும்புச் சாரை போல ஊர்ந்தது. இரண்டு பக்கமும்.

"அடி கழுதை! மூச்சை அடக்கிட்டா உக்காந்திருந்தே?" அப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"குழந்தைக்கு ஒண்ணுமில்ல, வெறும் ஊமைக்காயம்." டாக்டரம்மா அண்ணன் பக்கம் திரும்பி, அவர் விலாவில் இன்னொரு முறை கருவியை வைத்துப் பார்த்தார். "இவருக்குத்தான் விலா எலும்புல விரிசல். உங்களுக்கு எப்படி சார் அடிபட்டது?"

அண்ணன் சட்டைப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார்.

"தெரியாதா டாக்டர்? வராந்தா பூரா அதே பேச்சு," என்றாள் நர்ஸ். "ஊஞ்சல்லேர்ந்து விழுந்த குழந்தையை இவர் பாய்ஞ்சு தாங்கினாராம்!"

"அண்ணே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" அப்பா கண் கலங்கக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அண்ணன் மறுக்கவில்லை. அந்தக் கும்பிடை, கொஞ்சம் நிமிர்ந்தே, ஏற்றுக்கொண்டார்.

எப்படியும் வாயைத் திறந்தாகிவிட்டது என்று குட்டிக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அதெல்லாம் இல்ல. ஊஞ்சல்ல எழுந்து நின்னு ஆடினது பெரியப்பா. நான் கீழ நின்னு கைதட்டிக்கிட்டிருந்தேன். அவருதான் என் மேல விழுந்தாரு."