ஐம்பது அடி தள்ளி ஒரு கிணறு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம், குழாய்க்குத்தான் சுகமில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். உன் முதுகுவலியையும் விசாரித்ததாகச் சொல்.

ஆழ்துளைக் கிணறு தோண்டவும் பம்ப் பொருத்தவும் உங்கள் இலாகா விதிகளைப் புதுப்பிக்கிறதே, அந்த வரைவை நாற்பது பக்கமும் படித்துவிட்டேன். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று கடைசிப் பக்கத்தில் போட்டுவிட்டாய். நான் சும்மா இருப்பேனா? எங்கள் கிணறு வறண்டு மூன்று மாதமாக லாரித் தண்ணீரில் குளிக்கிறோம். புதிதாக ஒன்று போடலாம் என்று போர்வெல்காரரைக் கூப்பிட்ட வாரம் பார்த்து உன் வரைவு வந்து சேர்ந்தது. கழிவுநீர்த் தொட்டியிலிருந்து ஐம்பது அடி தள்ளித்தான் புதுக் கிணறு போட வேண்டும் என்கிறது எட்டாவது விதி. நியாயம்தான். ஆனால் நம் தொட்டி எங்கே இருக்கிறது? இருபது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை பார். உன் அத்தானைக் கேட்டால், "எங்கயாவது இருக்கும், விடேன்" என்கிறார். விட முடிகிறதா? கடப்பாரையால் தரையைத் தட்டிக்கொண்டே போனேன்; துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் 'டொம்' என்றது. நம்முடையது அகப்பட்டது, அக்கம்பக்கத்துத் தொட்டிகள்? வீடு வீடாகப் போய்க் கேட்டேன். காலங்கார்த்தால இப்படி ஒரு கேள்வியோட வாசலில் போய் நின்றால் யார்தான் உட்காரச் சொல்வார்கள்? எப்படியோ நாலு தொட்டியையும் கண்டுபிடித்து, டேப்பின் ஒரு முனையை அத்தானிடம் கொடுத்து, சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். எந்த வட்டத்திலும் சிக்காமல் நம் வீட்டில் மிஞ்சிய இடம் ஒன்றே ஒன்று. அடுப்படி!

போர்வெல்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, என் வண்டி எப்படிம்மா அடுப்படிக்குள்ள வரும்?"

"செவுத்தை எடுத்துட்டா?"

"கூரையையும் எடுக்கணும்மா."

"கூரை எவ்வளவு உயரம் வேணும்?" என்று, ஒரு தகவலுக்காகத்தான் கேட்டேன். அத்தான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் மதிலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு ரயில்வே கார்டு சார். ஒரு தடவை நம் மேல்தொட்டி நிரம்பி வழிந்து அவர் சுவர் ஊறியதிலிருந்து நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "வட்டத்தை ஏன் மதிலோட நிறுத்திட்டீங்க? இந்தப் பக்கமும் போடுங்க" என்றார். அவரும் வரைவைப் படித்திருக்கிறார் தம்பி! பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு வேறு. அவர் கிணற்றிலும் தண்ணீர் இழுபறியாம். இரண்டு பேருமாக அளந்ததில், மிச்ச இடம் அடுப்படியில் தொடங்கி அவருடைய கார் ஷெட்டில் முடிந்தது. "ஷெட்ட எடுத்துடறேன். ரெண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு" என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார். இரண்டு குடும்பத்துக்குப் பொதுக்கிணறு போட உன் வரைவில் ஒரு வரிகூட இல்லை. உடனே சேர்க்கவும். இதுதான் என் கருத்து.

நீயும் உன் குடும்பமும் உன் விதிகளும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப் போகும்போது பம்ப் மெக்கானிக் வந்துவிட்டார். பழைய கிணற்றை மூடும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும் என்கிறதே பதினாலாவது விதி, அதற்காக வரச் சொல்லியிருந்தேன். மோட்டாரை மேலே இழுத்தவர் சிரிக்கிறார். "நடுவுல பைப்பு ஒடஞ்சிருக்கும்மா. மூணு மாசமா மோட்டார் தண்ணிய இழுத்துத் திரும்பக் கிணத்துக்குள்ளயே ஊத்தியிருக்கு. தண்ணிக்கென்ன, கெடக்கு கடல் மாதிரி!" பழைய கிணறுகளை எட்டாவது விதி ஒன்றும் செய்யாதாம், அதையும் பார்த்துவிட்டேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. கார்டு சாரிடம் ஓடினேன். அதற்குள் பாதி ஷெட் கீழே கிடக்கிறது. "சார், நிறுத்துங்க, எங்க கிணத்துலயே தண்ணி இருக்கு. ரெண்டு வீட்டுக்கும் தாராளமாப் போதும்" என்றேன். மனுஷர் சுத்தியலைக் கீழே வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடிந்த இடத்தில் போய் நின்றார்.

"இருக்கட்டும்மா. காத்து நல்லா வருது."