பின்சீட்டு சாரும் என் மகளின் இன்சூரன்ஸும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். டெக்சாஸில் இர்விங்குக்கு வந்து, தோசை மாவு அரைத்து, அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாகக் கொண்டுபோய் விற்றேன். பிறகு மளிகைக் கடை போட்டேன், பக்கத்திலேயே மெஸ் வைத்தேன், கல்யாணத்துக்கு வாடகைக்கு விட ஒரு ஹாலும் கட்டினேன். ஆங்கிலம் இன்றுவரை தகராறுதான். ஆனாலும் பேங்க் மேனேஜர் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார். அப்பேர்ப்பட்ட நான் இந்த நாட்டில் பயந்தது ஒரே ஒரு மனிதரைப் பார்த்துத்தான். இர்விங்கில் லைசென்ஸ் வாங்கிய எந்தத் தமிழ்ப் பிள்ளையை வேண்டுமானாலும் கேளுங்கள், பேய் தேவலை என்று சொல்லும்.

அவர் கார் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊர் வைத்த பெயர் பின்சீட்டு சார். யாருமே நடக்காத ஊரில் அவர் மட்டும் நடந்துதான் வருவார். வருவதும் தெரியாது. அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு நிமிர்ந்தால், நீலகிரித் தைல வாசனையோடு எதிரே நிற்பார். கடைக் கதவில் மணி கட்டியிருக்கிறேன். ஈ நுழைந்தாலும் அடிக்கிற மணி, அவருக்கு அடிக்காது.

என் மகள் நிலாவுக்குக் கார் வாங்கியபோது இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "கார வித்துடுங்க" என்றாள் மனைவி. நிலா சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு வழியில்லாமல் சாரிடம் சொன்னேன்.

"வண்டி யார் பேர்ல, அண்ணாச்சி?"

"புள்ள பேர்லதான். அவ சுவாதி நட்சத்திரத்துக்குத்தான் வாகன யோகம்னு ஜோசியர் சொன்னாராம். எங்க வீட்டுல போன் போட்டுக் கேட்டா."

"இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சுவாதியும் தெரியாது, விசாகமும் தெரியாது. வயசு ஒண்ணுதான் தெரியும். சின்னப் பொண்ணு, தனி கார், தனி பாலிசி. ஏறாம என்ன செய்யும்? வண்டிய உங்க பேருக்கு மாத்துங்க. உங்க பாலிசியிலேயே அவளையும் சேருங்க. ஸ்கூல்ல நல்ல கிரேடு வாங்கினா ஒரு டிஸ்கவுன்ட், டிரைவிங் கோர்ஸ் முடிச்சா இன்னொண்ணு. போன்ல ஒரு ஆப் போட்டு, ஸ்பீடு, சடன் பிரேக் இல்லாம ஓட்டினா இன்னும் குறையும். ஆனா கையெழுத்துக்கு முன்னாடி நான் பின்னாடி உக்காரணும்."

உட்கார்ந்தார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லையாம். வேகம் கொஞ்சம் ஏறினால் மட்டும் பின்னாலிருந்து ஒரு "ம்ம்". நிலா வெளுத்துப்போய் வீட்டுக்குள் வந்தாள்.

"டாட், ஹி டஸ்ன்ட் பிளிங்க்! கண்ணாடியில பார்த்தேன், கண்ணே சிமிட்டல!"

"வயசானவரும்மா. கண்ணு வறண்டிருக்கும்."

அதற்குப் பிறகுதான் விபரீதம். அவள் தனியாக ஓட்டும்போதும், வேகம் ஏறினால் காருக்குள் தைல வாசனை அடித்தது. ஆளில்லாத பின்சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லி அலாரம் அடித்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு வண்டியில் குறையே இல்லை என்றான். சார் பாலிசி போட்ட வீடுகளில் எல்லாம் இதே கதை. பெரிய ஆபீஸ்கள் இருக்கிற லாஸ் கொலினாஸ் பக்கம் பெரிய வேலை பார்க்கும் ஒரு அப்பா, அது சென்சார் கோளாறு என்று எனக்குப் படம் போட்டு விளக்கினார். மறுநாள் கடைக்கு வந்து எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் வாங்கிப்போனார், காரில் கட்ட.

ஒரு நாள் மத்தியானமே வானம் கறுத்து மழை கொட்டியது. சார் என் கல்லாவுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று சுவரை வெறித்தார். வலது கால் தரையை அழுத்தியது. டீ சிந்தியது.

"ம்ம்."

"என்ன சார், காலு பிடிச்சுக்கிச்சா?"

"ஒரு பிள்ளை வேகமா போகுது, அண்ணாச்சி."

சிந்திய டீயை நான் துடைத்து முடிப்பதற்குள் என் போன் அடித்தது. நிலா.

"டாட், அங்கிள் என் கார்ல இருக்காரா?"

"இங்க டீ குடிக்கிறாருடி!"

"ஐ ஹேர்ட் ஹிம், டாட். உடனே ஸ்லோ பண்ணேன். முன்னாடி போன டிரக்ல இருந்து ஒரு ஏணி விழுந்துச்சு. ஸ்லோ பண்ணலைன்னா என் மேலதான் விழுந்திருக்கும். இப்ப கேஸ் ஸ்டேஷன்ல நிக்கிறேன்."

சார் மிச்ச டீயைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "ஆப்ல சடன் பிரேக்னு விழலையே?"

விழவில்லை. அடுத்த தடவை பாலிசி புதுப்பித்தபோது பிரீமியம் இறங்கியது. கார் நிலாவிடமே நின்றது.

ஏணி விழுந்த அன்றைக்கு அவரை நான் வீட்டுக்கு நடக்க விடவில்லை. அத்தனை பிள்ளைகளை ஒழுங்காக ஓட்ட வைத்தவருக்குக் கார் ஓட்டத் தெரியாதாம்! என் வேனில் முன்சீட்டில் உட்கார வைத்தேன். கடைத்தெரு தாண்டுவதற்குள் தலை சாய்ந்து குறட்டை விட்டார். அதன்பிறகு தினமும் நான்தான் கொண்டுபோய் விட்டேன், தினமும் அதே குறட்டை. எழுப்ப மனசில்லாமல் அவர் அபார்ட்மென்ட் வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு காத்திருப்பேன். போன வருஷம் நாகர்கோவிலுக்கே திரும்பிப் போய்விட்டார்.

பிள்ளைகளைக் காப்பாற்றியது அவர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் கதையைச் சொல்கிற ஒவ்வொருவரும் என் பெயரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: இந்த ஊரில் அந்த மனிதர் நம்பித் தூங்கியது என் வண்டியில் மட்டும்தான்.