கடைசித் துறைமுகம்

"தும்மாதீங்க," என்றாள் ஜெஸ்ஸி. "தும்முனா உங்க தங்கச்சி கல்யாணம் நின்னுபோகும்."

பிராங்க்ளின் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டான். வத்தலக்குண்டு மாப்பிள்ளை வீட்டார் அனிஷாவுக்குத் தலையாட்டியதே, பெண்ணின் அண்ணன் உல்லாசக் கப்பலில் வேலை பார்க்கிறான் என்பதற்காகத்தான். அந்தக் கப்பல்காரன் இப்போது மேட்டுப்பட்டி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். உடம்பில் மனைவியின் பூப்போட்ட நைட்டி. கொடியில் லுங்கி காய்ந்தால் தெரு கேள்வி கேட்கும்.

போன வாரம் கொச்சியில் கப்பல் நின்றது. பயணிகளை இறக்கிவிட்டு, பழுது பார்க்க அது வெளிநாட்டுக்குப் போகும். இவனும் கூடவே போயிருக்க வேண்டும். ஊரே மத்தியான வெயிலுக்குப் படுத்திருந்த நேரமாகப் பார்த்துப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"ஏன் இறங்குனீங்க?"

"கடைசித் துறைமுகம்னு மைக்ல சொன்னாங்க. எல்லாரும் இறங்குனாங்க. நானும் இறங்கிட்டேன்."

"அது என்ன டவுன் பஸ்ஸா?"

"வெங்காய மண்டி வேணாம்னுதானே கடலுக்குப் போனேன். அங்கயும் வெங்காயத்தையே உரிக்கச் சொன்னா எப்படி ஜெஸ்ஸி?"

குடும்பத்திலேயே முதல் ஆளாகக் காலேஜ் வாசல் மிதித்தவள் ஜெஸ்ஸி. அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆம்பளை வேலையை விட்டால் வெட்கக்கேடு. அந்த வெட்கக்கேட்டை மூடி மறைப்பது மட்டும் பொம்பளை வேலை. அதற்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. ஆனாலும் அனிஷா பாவம். மாதா கோயிலில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரால் பின்வாங்க முடியாது. அதுவரை இவனை ஒளித்துவைப்பது, பிறகு கல்யாணத்துக்கு லீவில் வந்த மாதிரி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவது என்று முடிவு செய்தாள்.

பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே அங்காளம்மாள் தனியாக இருந்தாள். அவள் புருஷன் சடையாண்டி துபாயில். பிராங்க்ளின் தும்மியே விட்டான். ஜெஸ்ஸி ஓடிப்போய் டிவி சத்தத்தைக் கூட்டினாள். உடனே பக்கத்து வீட்டு டிவியும் கூடியது. இவள் இன்னும் கூட்ட, அதுவும் இன்னும் கூடியது.

சாயங்காலம் அங்காளம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ஜெஸ்ஸி முந்திக்கொண்டாள்.

"சத்தம் ரொம்பத் தொந்தரவா இருக்காக்கா?"

"ஒண்ணுமே இல்லம்மா. இன்னும் கூட்டி வச்சுக்க."

டிவிக்குச் சண்டை போடாத பக்கத்து வீட்டை ஜெஸ்ஸி அன்றுதான் பார்த்தாள். போதாததற்கு, சட்டி நிறையக் கறிக்குழம்பும் வந்தது.

"ஒத்த ஆளுக்கு வைக்க அளவு வர மாட்டேங்குது," என்றாள் அங்காளம்மாள்.

பிராங்க்ளின் சட்டியை வழித்துத் தின்றான். காரம் தொண்டையில் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது.

அந்த இருமல் விடாத நேரத்தில்தான், சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் அம்மா புஷ்பமேரி வந்து இறங்கினாள். ஜெஸ்ஸி டிவியை அலறவிட்டுக் காப்பி கொடுத்தாள். காப்பி ஒரு வாய் உள்ளே போவதற்குள் கரண்ட் போனது. அடுப்படியில் இருமல்.

"உள்ள யாரும்மா?"

"பக்கத்து வீட்டுலங்க அத்தை."

"இல்லையே, இங்கனதானே கேக்குது." புஷ்பமேரி எழுந்தாள்.

அவள் அடுப்படிக்குப் போவதற்குள், கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பொத்தென்று ஏதோ விழுந்தது. அடுப்படியில் உரித்த வெங்காயம் மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு இருமல் கேட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொரு இருமல்.

"அந்த வீட்டுக்காரரு என்ன பண்றாரு?"

"துபாய்ல..." வாய் தவறி வந்துவிட்டது.

"துபாய்லயா?" புஷ்பமேரி மோவாயில் கை வைத்தாள். "புருஷன் அங்க, ஆம்பளச் சத்தம் இங்க. காலம் கெட்டுப் போச்சு. நீ அவகிட்டப் பேச்சு வச்சுக்காத. சரி, ஞாயித்துக்கிழம மூணாவது ஓலை. வாரேன்."

சம்பந்தம் முறியாமல் தப்பிவிட்டது. ஆனால் அடுத்த பஸ்ஸிலேயே அங்காளம்மாள் பேர் வத்தலக்குண்டில் நாறிவிடும். ஒருத்தி பேரைக் கெடுத்து இன்னொருத்திக்குத் தாலியா? அந்தக் கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று ஜெஸ்ஸி செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

வாசலை மறித்துக்கொண்டு அங்காளம்மாள் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, மன்னிச்சிருங்க. உங்க வீட்டுக்குள்ள ஒரு ஆம்பள இருக்காரு."

"உனக்கும் தெரிஞ்சுபோச்சா?" அங்காளம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெஸ்ஸிக்கு ஒன்றும் புரியவில்லை. அவளைத் தாண்டிப் போய்ச் சாமான் அறைக் கதவைத் திறந்தாள். வெங்காய மூட்டை மேல் நைட்டியோடு பிராங்க்ளின். பின்பக்கம் கையைக் காட்டினான். அங்கே இருட்டில் இன்னொரு நைட்டி இருந்தது. அதற்கு மீசை இருந்தது.

"கதவச் சாத்து தாயி," என்றது மீசை. "நான் துபாய்ல இருக்கேன்."