கண்ணாடிக் கடையில் ஒரு பேட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும்; தொடங்கிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகள், அதாவது என் ஒரே மகள், காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டுச் சிரிப்பு நடிகையாகப் போய் ஒரு வருடம் ஆகிறது. அத்தை சொன்னால் கேட்பாள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிடைத்த வேடம், ஒரு நாடகத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து "யாரது?" என்று கேட்பது. முகம் தெரியாது. அதற்கே பத்து நாள் ஒத்திகை, குளியலறைக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து விதவிதமாக "யாரது?" வரும், நாலாவது தடவை நானே பயந்துபோய் முழுப் பெயரையும் கடை விலாசத்தையும் சொல்லிவிட்டேன். அடுத்தது சினிமாவில் நர்ஸ் வேடம். மருந்துத் தட்டோடு வேகமாக நடக்கப் பழகியதில் வீட்டிலிருந்த கண்ணாடி டம்ளர் ஒன்றும் மிஞ்சவில்லை. தியேட்டருக்குக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தால், ஒரு முழங்கை மட்டும் வந்து போயிற்று. என் வீட்டுக்காரி பக்கத்து சீட்டு அம்மாளைத் தட்டி, "எங்க பொண்ணுங்க" என்றாள். அந்த அம்மாள் திரையைத் துழாவிவிட்டு, "எதுங்க?" என்று கேட்டார். "இப்பப் போச்சே, அதுதான்" என்றாள் இவள், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

இதோடு விட்டுவிடுவாள் என்று பார்த்தால், இப்போது இணையத்தில் பேட்டி நிகழ்ச்சி நடத்துகிறாள். இடம், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் நம் மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவரைக் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸ் மாற்றிப் பார்க்கும் அந்தக் கனமான ஃபிரேமை மூக்கில் மாட்டிவிட்டுக் கேள்வி கேட்பாள். போன வாரம் வரவேண்டிய நடிகர் வரவில்லை. "பத்து நிமிஷம் நீங்க உக்காருங்கப்பா" என்றாள். உட்கார்ந்தேன். ஸ்டாண்டில் செல்போனை நிறுத்திவிட்டு எதிரே வந்தாள்.

"நான் நடிக்கப் போறேன்னு சொன்னப்ப, மூணு மாசம் எங்கூட ஏம்ப்பா பேசலை?"

பொய் சொல்ல வரவில்லை, அக்கா. "பயந்தான். நாலு பேர் உன்னைப் பாத்துச் சிரிப்பாங்களேன்னு" என்றேன்.

"அதுக்குத்தானேப்பா போறேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். எழப் போனேன், நாற்காலி கால் முறிந்து, கண் பரிசோதனைக்குப் படிக்கச் சொல்லும் எழுத்துப் பலகையையும் இழுத்துக்கொண்டு மல்லாந்து விழுந்தேன். ஊரே பார்த்துவிட்டது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். ஆகவே, பழைய வேலைக்கே திரும்பச் சொல்லி நீ அவளுக்கு நாலு வரி கண்டிப்பாக எழுத வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவள் கடிதத்தைப் படித்துவிட்டாள். கோபப்படவில்லை. "கடைசியில நீங்க விழுந்தா நல்லா இருக்கும்பா" என்றாள், அதனால் அந்த இடத்தை மட்டும் மாற்றி மறுபடி எழுதினேன். நாற்காலி முறியவில்லை, நான் விழவும் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் "பொண்ணு நல்லா இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். நீ அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். நடந்தது இவ்வளவுதான்: எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த ஃபிரேமோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "வீடியோவுல இதை வெட்டிடட்டுமாப்பா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.